ஒரு லோடு குப்பை

பாண்டியராஜனுக்கு அவசரமாகக் குப்பை தேவைப்பட்டது. கொஞ்ச நஞ்சம் போதாது. தராசில் ஏற்றினால் முள் மரியாதையோடு நகர வேண்டும். அதுவும் புதன்கிழமைக்குள்.

"நல்லாத் தேடிப் பாத்தியா?" என்று கேட்டார் முதலாளி நாகசுப்பிரமணியன்.

"மூலை முடுக்கெல்லாம் தேடிட்டேன் சார். நம்ம கம்பெனியில குப்பை இல்ல."

"ஒரு கம்பெனின்னா குப்பைன்னு ஒண்ணு இருக்க வேணாமாய்யா? அதுதான லட்சணம்?"

"பெரியவர், உங்கப்பா காலத்துல இருந்தே இல்ல சார். அப்ப யாரும் கேக்கல."

கப்பலூர் தொழிற்பேட்டையில் பஸ் சீட் செய்கிற கம்பெனி அது. பாண்டியராஜன் அங்கே இரண்டாம் ஷிப்டுக்கு சூப்பர்வைசர். போன வாரத்திலிருந்து கூடுதலாக 'நிலைத்தன்மை மேலாளர்' என்றும் ஆகியிருந்தான். அதற்குத் தனியாக விசிட்டிங் கார்டு. சம்பளம் பழையதேதான்; கார்டு மட்டும் பச்சை. ஆனையூரில் அவன் மனைவி ரோகிணி அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நிலைத்தன்மைன்னா என்னங்க, வேலை நிலைச்சிருச்சா?" என்று கேட்டாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஏனென்றால் வேலை நிலைப்பதும் நிலைக்காததும் இப்போது குப்பையின் கையில் இருந்தது.

சென்னையில் ஒரு பெரிய பஸ் கம்பெனி. மின்சார பஸ் கட்டுகிறார்கள். சீட் ஆர்டர் முழுவதையும் தருகிறோம், ஆனால் பசுமைச் சான்றிதழ் இருந்தால்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஆர்டர் வந்தால் புது ஷெட். வராவிட்டால் அடுத்த மாதம் முதல் இரண்டாம் ஷிப்ட் கிடையாது. அந்த ஷிப்டில் பாதிப் பேர் செக்கானூரணிப் பக்கத்திலிருந்து பாண்டியராஜனே கூட்டி வந்து சேர்த்துவிட்ட சொந்தபந்தங்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஊர்ப் பக்கம் ஒரு கல்யாணம் காட்சிக்குக்கூட அவன் தலை காட்ட முடியாது.

சான்றிதழுக்கு வழி ரொம்ப எளிது. ஆய்வு செய்கிற அம்மா இரண்டு தடவை வருவார். முதல் தடவை குப்பையை எடை போடுவார். ஒரு மாதம் கழித்து வந்து மறுபடியும் எடை போடுவார். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு மார்க்.

"முதல் எடை சைபர். ரெண்டாவது எடையும் சைபர். அப்ப எம்புட்டுக் குறைஞ்சிருக்கு?" என்றான் பாண்டியராஜன்.

"சைபர்."

"அப்ப ஃபெயிலு சார்."

"குப்பை போட்டவன் எல்லாம் பாசு, போடாதவன் ஃபெயிலா? இது எந்த ஊரு நியாயம்யா?"

"கம்ப்யூட்டர்ல அடிச்சே பாத்துட்டேன். சைபர்னு போட்டா கட்டம் செவந்து போவுது. சரியான எண்ணைக் குடுங்கன்னு கேக்குது."

நாகசுப்பிரமணியன் ஜன்னல் வழியாகப் பக்கத்துக் கம்பெனியைப் பார்த்தார். அங்கே பிளாஸ்டிக் கேன் செய்கிற பாலமுரளி, வாசலில் ஆளுயரத்துக்குப் பச்சை போர்டு மாட்டியிருந்தார். 'கழிவுக் குறைப்பில் 94 சதவீதம்.' அதற்கு அடுத்த கம்பெனியில் 91. எதிர் வரிசையில் 96. அந்த ரோட்டில் போர்டு இல்லாத வாசல் அவருடையது மட்டும்தான்.

"தொண்ணூத்தி நாலு!" என்று பெருமூச்சு விட்டார் அவர். "அவன்கிட்ட எம்புட்டுக் குப்பை இருந்திருக்கணும்! குடுத்து வச்சவன்."

பாலமுரளி அவருக்குப் பங்காளி முறை. இரண்டு பேரும் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நின்று, தமிழல்லாத தங்கள் வீட்டு மொழியில் பேசிக்கொள்வார்கள். பேச்சு புரியாவிட்டாலும், யார் யாரை மட்டம் தட்டுகிறார்கள் என்பது தொழிலாளிகள் எல்லோருக்கும் புரியும். கொஞ்ச நாளாகத் தட்டு வாங்குவது நாகசுப்பிரமணியன்தான்.

"இல்லேன்னா உண்டாக்கு" என்று உத்தரவு போட்டார்.

உண்டாக்குவது என்றால் வெட்டு டேபிளில்தான் ஆரம்பிக்க வேண்டும். பாண்டியராஜன் கட்டிங் மாஸ்டர் சோணைமுத்துவிடம் போனான்.

"மாமா, இன்னைக்கு ஒரு நாள் கொஞ்சம் கேவலமா வெட்டுங்க."

"என்ன மாப்ள?"

"ரெக்சின கன்னாபின்னான்னு வெட்டுங்க. துண்டு நிறைய விழுகணும்."

"எனக்கும் கம்பெனிக்கும் ஏதாச்சும் பிரச்னைன்னா நேரா சொல்லிரு மாப்ள. இப்படிச் சுத்தி வளைக்காத."

"உங்களுக்கு ஒரு பிரச்னையும் இல்ல. குப்பை வேணும். சான்றிதழுக்கு."

சோணைமுத்து கத்தியை எடுத்தார். ரெக்சினை விரித்தார். கோணலாக வெட்டத்தான் செய்தார். ஆனால் கோணலாக விழுந்த துண்டைப் பார்த்ததும் கை தன்னால் அதைத் திருப்பிப் போட்டு, அதற்குள் ஒரு தலைசாய்ப்பு உறையை வெட்டி எடுத்துவிட்டது. மிச்சத் துண்டில் கைப்பிடி உறை. அதிலும் மிஞ்சியதில் பொத்தான் மூடி.

"மாமா!"

"நான் என்ன பண்ணட்டும் மாப்ள? கண்ணு பாத்துருது."

"அப்ப கண்ண மூடிக்கிட்டு வெட்டுங்க."

கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார். ஷிப்ட் மொத்தமும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. கம்பெனி மூழ்கப் போகிறது, அதுதான் சூப்பர்வைசருக்கு இப்படி ஆகிவிட்டது என்று ஒரு பேச்சும் கிளம்பியது. இருந்தாலும் சாயங்காலத்துக்குள் ரெக்சின் துண்டும் ஸ்பாஞ்சு துண்டும் பிளைவுட் சில்லுமாக ஒரு குவியல் சேர்ந்துவிட்டது. பச்சைப் பெயின்ட் அடித்த தகரக் கொட்டகைக்குள் அதைக் கொட்டி, 'கழிவு மேலாண்மை மையம்' என்று எழுதி மாட்டினார்கள். நாகசுப்பிரமணியன் வந்து ஒரு சூடத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கொட்டகை துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"யார்ரா எடுத்தது?" என்று வாட்ச்மேன் மொக்கையனைப் பிடித்தான் பாண்டியராஜன்.

"திருட்டெல்லாம் ஒண்ணும் நடக்கல சார். அம்புட்டுப் பேரும் என்கிட்டச் சொல்லிட்டுத்தான் எடுத்தாங்க."

"எதுக்கு?"

"ஆட்டோ சீட்டுக்கு ரெண்டு பேரு. ஆட்டுக்கொட்டத்துக்குப் பலகை வேணும்னு ஒருத்தரு. தையல் பழகுற பிள்ளைக பை தைக்கக் கேட்டுச்சுக. வீணாத்தான சார் கெடந்துச்சு?"

"வீணாக் கெடக்கணும்னுதான்யா வச்சிருந்தோம்!"

மொக்கையன் இதுவரை வாங்கிய எந்தத் திட்டும் இந்த மாதிரி இல்லை. ஒரு சல்யூட் அடித்து வைத்தான்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அக்கடா என்று சாய்ந்தால், தலைக்குக் கீழே புதுசாக மெத்தென்று ஏதோ இருந்தது.

"பாண்டிச்செல்வி அக்கா குடுத்துவிட்டாங்க" என்றாள் ரோகிணி. கம்பெனியைக் கூட்டிப் பெருக்குகிற ஆட்களுக்கு மேஸ்திரி பாண்டிச்செல்வி. "உங்க கம்பெனியில சும்மா கெடந்த ஸ்பாஞ்சாம். எம்புட்டு சுகமா இருக்கு பாருங்க."

பாண்டியராஜன் தன் குப்பையின் மேல் தலைவைத்துப் படுத்தபடி விட்டத்தைப் பார்த்தான். வெட்டிப் போட்ட அளவுக்கு, இப்போது ஓடிக்கொண்டிருக்கிற ஆர்டரில் ரெக்சின் பற்றாமல் போகும். குப்பையும் போச்சு, சரக்கும் போச்சு.

அடுத்த நாள் வேறு வழியில்லாமல் பாலமுரளியிடமே போனான்.

"சார், ஒரு ஒத்தாசை. எங்க எம்.டி.க்குத் தெரிய வேணாம். கொஞ்சம் குப்பை இருந்தாக் குடுங்க."

பாலமுரளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "குப்பையா? எங்ககிட்டயா?"

"பழைய குப்பையானாலும் பரவாயில்ல சார். குறைக்கிறதுக்கு முன்னாடி இருந்தது."

"அதெல்லாம் பிராசஸ்ல போயிட்டிருக்கு. வெளிய குடுக்குறதில்ல."

"முத்தத்துல ஒண்ணையும் காணமே சார்?"

"குறைச்சாச்சுல்லய்யா? போர்டப் படிக்கலையா நீ?"

அடுத்த கம்பெனியில் கேட்டான். குப்பை என்ற வார்த்தையைக் கேட்டதும் அங்கே மேனேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "யாரு அனுப்புனது உங்களை?" என்றார். எதிர் வரிசையில், "குப்பை விஷயம் எல்லாம் எங்க எம்.டி. நேரடியா பாக்குறாரு" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குப்பையை இவ்வளவு பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறவர்களைப் பாண்டியராஜன் பார்த்ததே இல்லை. இது பெரிய தொழில்நுட்பமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

மத்தியானத்துக்குள் விஷயம் முதலாளிகள் சங்க வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. நாகசுப்பிரமணியன் செல்லைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள்ளேயே வந்தார்.

"குப்பைக்குக்கூட வழியில்லாமப் போயிருச்சாம் நாகசுப்பிரமணியன் கம்பெனி! பாலமுரளி போட்டிருக்கான்யா! கீழ அம்புட்டுப் பேரும் சிரிக்கிற பொம்மை போட்டிருக்கான்!"

"சார், நான் நல்லதுக்குத்தான்…"

"இனிமே ஒளிவு மறைவெல்லாம் கிடையாது. புதன்கிழமை பந்தல் போடு. மைக் வை. சங்கத்து ஆளுங்க அம்புட்டுப் பேரையும் கூப்பிடு. நம்ம குப்பையை அந்த அம்மா எடை போடுறதை ஊரே பாக்கணும்!"

"நம்மகிட்டத்தான் குப்பையே…"

"அதுக்குத்தானய்யா உனக்குக் கார்டு அடிச்சுக் குடுத்துருக்கேன்!"

பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது. வாழைமரத்துக்குச் சொல்லியாகிவிட்டது. 'நம் கழிவு, நம் பெருமை' என்று ஃபிளெக்ஸ் வந்து இறங்கிவிட்டது. அதில் நாகசுப்பிரமணியன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். குப்பை மட்டும்தான் பாக்கி.

வீட்டில் சோறு இறங்காமல் பிசைந்துகொண்டிருந்தவனைப் பார்த்து ரோகிணிக்குப் பொறுக்கவில்லை. "நம்ம தெருமுனையில பழைய சாமான் கடை வச்சிருக்காரே பேச்சிமுத்து அண்ணன், அவர்கிட்டக் கேட்டா என்ன?"

கேட்டான். கேட்கிறதை எப்படிக் கேட்பது என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டான். பேச்சிமுத்து ஆச்சரியமே படவில்லை.

"வாடகைக்கா, சொந்தமாவா?"

"வாடகைக்கு விடுவீங்களாண்ணே?"

"ஏன், பந்தல் விடலையா, பாத்திரம் விடலையா? என்ன கம்பெனி சார் நீங்க?"

"பஸ் சீட்டு."

"அப்ப அடியில நம்ம வழக்கமான சாமான். மேல கொஞ்சம் ஸ்பாஞ்சையும் ரெக்சினையும் தூவித் தந்துர்றேன். பாக்குறதுக்கு உங்க குப்பை மாதிரியே இருக்கும்."

பாண்டியராஜனுக்கு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஒண்ணு மட்டும் சார்" என்றார் பேச்சிமுத்து. "சாயங்காலம் நானே டெம்போ கொண்டுட்டு வாரேன். போட்ட எடை திரும்பி வரணும். ஒரு கிலோ குறைஞ்சாலும் என் பொழப்பு நாறிப் போயிரும்."

"உசுரக் குடுத்துக் காப்பாத்துறேண்ணே!"

புதன்கிழமை விடிந்ததும் டெம்போ வந்தது. ஓட்டை பிளாஸ்டிக் கூடை, கால் போன நாற்காலி, கிழிந்த சாக்கு, பழைய டயர், மரப்பெட்டி, பீங்கான் உடைசல், அதற்கு மேல் பாயசத்தில் முந்திரி மாதிரி ஸ்பாஞ்சு. முற்றத்தில் கொட்டினார்கள். நாகசுப்பிரமணியன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"இதை யாருக்கும் சொல்லாத. நம்ம சொந்தக் குப்பைன்னே இருக்கட்டும்" என்றார். பிறகு பட்டுச் சட்டை மாற்றிக்கொள்ள வீட்டுக்குப் போனார். பாண்டியராஜன் ஆய்வு அம்மாவை அழைத்துவரக் காரை எடுத்துக்கொண்டு கே.கே. நகருக்குப் போனான்.

அந்த அம்மாவின் பெயர் ஸ்ரீவர்ஷினி. பொறியியல் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி. தொழிற்சாலைக் கழிவுதான் அவருடைய துறை. கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, பேச்சில் புத்தக வாசனை.

"கழிவே இல்லாத உற்பத்தின்னு ஒண்ணு புத்தகத்துலதான் இருக்கு, பாண்டியராஜன். நடைமுறையில நான் பார்த்ததே இல்லை" என்றார் காரில். "ஆனா உங்க ரோடு ஒரு ஆச்சரியம். எல்லாக் கம்பெனிக்கும் நான்தான் எடை போட்டேன். முதல் தடவை போனா மலை மாதிரி கழிவு. அடுத்த மாசம் போனா மந்திரம் போட்ட மாதிரி சுத்தம். அதை வச்சு ஒரு கட்டுரை எழுதியிருக்கேன். 'கப்பலூர் அதிசயம்'னு தலைப்பு. வெளிநாட்டுல வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்க."

"நம்ம குப்பையும் உங்களுக்குப் பிடிக்கும் மேடம்" என்றான் பாண்டியராஜன். வாழ்க்கையில் முதல் தடவையாக நிமிர்ந்து கார் ஓட்டினான்.

வாசலில் இறங்கினார்கள். வாழைமரம் நின்றது. பந்தலுக்குள் முன்வரிசையில் பாலமுரளியும் மற்ற முதலாளிகளும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரிய தராசு பொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தது. முற்றத்தில் சாணிப் பச்சை ஈரத்தின் மேல் பெரிதாகத் தாமரைக் கோலம்.

கோலம் இருந்த இடத்தில்தான் குப்பை இருந்திருக்க வேண்டும்.

"அக்கா!" பாண்டியராஜனின் குரல் கீச்சென்று வந்தது. "அக்கா, இங்க கெடந்தது எங்க?"

விளக்குமாற்றோடு வந்த பாண்டிச்செல்வியின் முகமெல்லாம் பெருமை. "நல்லாக் கேட்டீங்க தம்பி! பெரிய படிப்பு படிச்ச அம்மா வருதுன்னு மைக்கு செட்டுக்காரன் சொல்றான், வந்து பாத்தா வாசல்ல குப்பை! எந்த நாசமாப் போனவன் கொண்டாந்து கொட்டுனானோ! எனக்கு உசுரே இல்ல. நாலு பொம்பளைகளைக் கூப்பிட்டு, வேணுங்கறதை ஆளாளுக்கு எடுத்துட்டு ஓடுங்கடின்னேன். காபி ஆறுறதுக்குள்ள தரை தெரிஞ்சிருச்சு."

"அம்புட்டுமா?"

"ஒரு சாக்குகூட மிஞ்சல தம்பி. உங்க மானத்தக் காப்பாத்திட்டேன்."

பட்டுச் சட்டையோடு வந்து இறங்கிய நாகசுப்பிரமணியன் கோலத்தைப் பார்த்தார். பாண்டியராஜனைப் பார்த்தார். வீட்டு மொழியில் ஏதோ சொன்னார். முன்வரிசையில் பாலமுரளி மட்டும் அதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஆரம்பிக்கலாமா? கழிவு எங்கே?" என்று டேப்லெட்டைத் திறந்தார் ஸ்ரீவர்ஷினி.

பாண்டியராஜனுக்கு இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் கண்ணில் பட்டார்கள். சோணைமுத்து சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். இனிமேல் சொல்வதற்குப் பொய் எதுவும் மிச்சமில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"இல்ல மேடம்" என்றான். "எங்ககிட்டக் கழிவு இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. உண்டாக்கிப் பாத்தோம், முடியல. வெட்டிப் போட்டோம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்க வீட்டுலயே தலகாணி ஆயிருச்சு. கடன் கேட்டோம், ஒருத்தரும் தரல. கடைசியா இன்னைக்குக் காலையில ஒரு லோடு வாடகைக்கு எடுத்தாந்து இங்கன கொட்டுனேன். உங்களைக் கூப்பிட கே.கே. நகர் போயிட்டு வர்றதுக்குள்ள அதையும் காணாமப் பண்ணிட்டாங்க. என்னை என்ன வேணாச் செய்ங்க. ஆர்டரை மட்டும் நிறுத்திராதீங்க."

நாகசுப்பிரமணியன் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டார். அது வாழைமரம், அவரோடு சேர்ந்து சாய்ந்தது.

ஸ்ரீவர்ஷினி கேட்டார்: "வாடகைக்கு எடுத்ததா? அது இப்போ எங்கே?"

போய்ப் பார்த்தார்கள். கால் போன நாற்காலிக்குச் சீட் பைப்பில் புதுக் கால் முளைத்து, மொக்கையன் அதில் உட்கார்ந்திருந்தான். அந்த அம்மாவைக் கண்டதும் எழுந்து அதையே துடைத்துப் போட்டான். டயர், சரக்கு ஏற்றுகிற மேடையில் லாரி வந்து இடிக்காமல் இருக்கத் தொங்கியது. மரப்பெட்டியின் மேல் கேட் டீக்கடைப் பாண்டிமீனா பாய்லரை ஏற்றி வைத்திருந்தாள். ஓட்டைக் கூடைக்கு அடியில் ஒரு கோழி. பீங்கான் உடைசலை மழைக்குப் பள்ளமாகிற இடத்தில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். சாக்கைத் தைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

ஸ்ரீவர்ஷினி டேப்லெட்டில் சைபர் என்று அடித்தார். கட்டம் சிவந்தது. மறுபடியும் அடித்தார். மறுபடியும் சிவந்தது.

"இந்த மென்பொருளை எழுதினதே நான்தான்" என்றார் மெதுவாக. "எல்லார்கிட்டயும் குப்பை இருக்கும்னு நம்பி எழுதிட்டேன்."

டேப்லெட்டை மூடினார். சென்னைக்குப் போன் போட்டார். பந்தல் முழுக்கக் கேட்டது. "சார், மத்த இடத்துலெல்லாம் அவங்க கழிவைக் குறைச்சாங்க. இங்கே வெளியிலிருந்து ஒரு லோடு கொண்டுவந்து கொட்டியும் அது நிக்கலை. இதைவிடக் கடுமையான சோதனை நான் வைக்கவே முடியாது. ரெண்டாவது தடவை வர வேண்டிய அவசியமே இல்லை. ஆமா சார். முழு ஆர்டரும் கொடுக்கலாம்."

முதலில் கை தட்டியது சோணைமுத்து. அப்புறம் இரண்டாம் ஷிப்ட். அப்புறம் முதல் ஷிப்டும் மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தது. யாரோ பாண்டியராஜனைத் தோளில் தூக்கினார்கள். "மாப்ள, இனிமே கண்ணத் தொறந்துக்கிட்டு வெட்டலாமாடா?" என்று கீழேயிருந்து கத்தினார் சோணைமுத்து. குலவை போட்ட பாண்டிச்செல்விக்கு எதற்காகப் போடுகிறோம் என்று இன்னும் தெரியாது. வாசல் சுத்தமாக இருந்ததற்குத்தான் என்று வைத்துக்கொண்டாள்.

நாகசுப்பிரமணியன் வாழைமரத்தை விட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். அதை அப்புறம் விடவே இல்லை. அப்பாவைப் பற்றிப் பேசினார். பூமித்தாயைப் பற்றிப் பேசினார். இதெல்லாம் தான் போட்ட திட்டம் என்றார். சாயங்கால வெயில் பந்தலுக்குள் வந்துவிட்டது. ஜிகர்தண்டா இரண்டாம் சுற்று வந்தது. முன்வரிசை எழுந்து போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நெளிந்தது.

"குப்பையைக் குறைச்சேன்னு போர்டு மாட்டுறது பெரிசில்லை!" என்று பாலமுரளியை நேராகப் பார்த்து முழங்கினார். "கப்பலூர்லயே குப்பையே இல்லாத ஒரே கம்பெனி, இது ஒண்ணுதான்!"

அப்போது வாசலில் டெம்போ வந்து நின்றது. பேச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்குள் வந்தார். அவரைக் கண்டதும் பாலமுரளிக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. மணி அடிக்காமலேயே எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலிக்காரர் செருப்பைத் தேடிக் குனிந்தவர் நிமிரவில்லை. எதிர் வரிசைக் கம்பெனிக்காரர் ஜிகர்தண்டாவோடு தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

பேச்சிமுத்து கோலத்தைப் பார்த்துத் திகைத்துப்போய் நின்றார்.

"சார், என் லோடு எங்க சார்?"

"போச்சுண்ணே" என்றான் பாண்டியராஜன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து. "என்ன ஆனாலும் நான் பொறுப்பு. ஆனா ஏண்ணே இப்படிப் பதறுறீங்க? வெறும் குப்பைதான?"

ஜிகர்தண்டாவை வாய்க்குக் கொண்டுபோன ஸ்ரீவர்ஷினியின் கை அப்படியே நின்றது.

"வெறும் குப்பையா?" பேச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. "அந்த ஒரு லோடை மாத்தி மாத்திக் கொட்டித்தான சார், இந்த ரோட்டுல போர்டு மாட்டியிருக்குற அம்புட்டுக் கம்பெனியும் சுத்தமாச்சு!"